கொடைக் கச்சேரியில் இரண்டு வகை இயர் பிளக்குகள்

சென்ற ஆண்டு பாளையங்கோட்டைப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான கொடையில், ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு எதிரே மூன்று மணி நேரம் அமர்ந்து இன்னிசைக் கச்சேரி கேட்டதன் பலனாக, மறுநாள் மாலை வரை என் வலக்காதில் சில்வண்டு கத்துவது போன்ற இரைச்சல் ஓயவில்லை. உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை என்பதால், இவ்வாண்டு இரண்டு வகை இயர் பிளக்குகளை வாங்கிக் கொடையன்றே சோதித்துப் பார்த்தேன்.

முதலாவது, மருந்துக் கடையில் இணை 20 ரூபாய்க்குக் கிடைத்த நுரை வகை. இதைத் திரி போல உருட்டி மெலிதாக்கி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தியபின் விரிந்து அடைக்கும்வரை விரலால் அழுத்தியிருக்க வேண்டும். பாதியளவு செருகிவிட்டுப் பயனில்லை என்று வீசியெறிவது பொருளின் குற்றமன்று. உறையில் 32 டெசிபெல் (ஒலியளவின் அலகு) குறையும் என்று அச்சிட்டிருப்பது ஆய்வகக் கணக்கு. நடைமுறையில் பாதி கிடைத்தாலே எனக்குப் போதும். ஏனெனில் பெட்டிகளுக்குப் பத்தடி தள்ளிக் கைப்பேசிச் செயலி, தோராயமாகத்தான், 100 டெசிபெல் காட்டியது. அமெரிக்காவின் NIOSH நிறுவனம் பரிந்துரைக்கும் தொழிற்சுகாதார வரம்பின்படி அந்த ஒலியில் நாளொன்றுக்கு 15 நிமிடமே இருக்கலாம். 85 டெசிபெல் என்றால் 8 மணி நேரம் இருக்கலாம். செண்டை மேளத்துக்கு அருகில் நிற்க இந்த நுரை வகையே ஏற்றது. ஆனால் கச்சேரியில் உச்ச சுரங்கள் மழுங்கி, பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கிறது.

இரண்டாவது, இணையத்தில் 1,400 ரூபாய்க்கு வாங்கிய, நடுவே வடிகட்டி வைத்த சிலிக்கோன் வகை. மேல் சுரம், கீழ் சுரம் எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரே அளவில் தணிப்பதால், வில்லுப்பாட்டில் புலவரின் சொல்லும் உடுக்கையும் வில்லின் மணியோசையும் தனித்தனியே துலங்கின. குறைகளும் உண்டு: செண்டைக்கு இதன் தணிப்பு போதவில்லை, சுண்டல் மென்றபோது இடப்பக்கத்துப் பிளக் இருமுறை நழுவி விழுந்தது, இருட்டு மணலில் அதைத் தேடுவதற்குள் ஒரு பாட்டே முடிந்துவிட்டது.

“ஏல, காத அடச்சிக்கிட்டு என்னத்தல கேக்க வந்த?” என்று சித்தப்பா அதட்டினார். அவர் காதிலும் பஞ்சு இருந்தது. வெறும் பஞ்சு பெயரளவுக்கே ஒலியைத் தடுக்கும் என்று சொன்னேன். மேளச் சத்தத்தில் அவருக்கு அது கேட்டிருக்காது.

நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் பேஸ் ஒலியை இரண்டுமே முழுவதும் நிறுத்தவில்லை. தம்பி மகளின் சிறு காதுக்கோ இரண்டுமே பொருந்தவில்லை. திறந்தவெளியில் தொலைவு இருமடங்கானால் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும் என்ற கணக்கை நம்பி, அவளைப் பந்தலின் கடைசி வரிசைக்கும் பின்னால், புளியமரத்தடியில் ஆச்சியுடன் அமர்த்தினோம். அடுத்த கொடைக்கு நுரை வகையில் பத்து இணை வாங்குவேன். சிலிக்கோன் வகையை வில்லுப்பாட்டுக்கென்று தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.