கணையத்துக்கு ஆண்டு ஸ்கேன்: எம்ஆர்ஐயா, இயுஎஸ்ஸா?

அப்பாவைக் கணையப் புற்றுநோய் கொண்டுபோனது. பிறகு 58 வயதில் அண்ணனை. இருவருக்குமே மஞ்சள் காமாலை வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. "தம்பி, நீங்களாவது முன்கூட்டியே பாருங்க" என்று அண்ணி அழுதார். கேப்ஸ் என்ற பன்னாட்டு நிபுணர் குழுவின் 2020 பரிந்துரைப்படி, இப்படிப்பட்ட குடும்பத்தில் 50 அல்லது 55 வயதில், இல்லையேல் நோய் கண்டவர்களில் இளையவரின் வயதுக்கு 10 ஆண்டு முன்பே கண்காணிப்பைத் தொடங்க வேண்டும். எனக்கு அது 48.

சிடி ஸ்கேனை ஆண்டுதோறும் எடுத்தால் கதிர்வீச்சு சேரும். சிஏ 19-9 என்ற பொருளை அளக்கும் ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது. சிலர் உடம்பில் அந்தப் பொருள் சுரப்பதே இல்லை. மிஞ்சுவது இரண்டு: இயுஎஸ், எம்ஆர்ஐ.

இயுஎஸ் என்பது வாய் வழியாகக் குழாயை இறக்கி, இரைப்பையிலிருந்தே கணையத்தை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான திடக் கட்டியைக் காண்பதில் இதுவே கெட்டி. தேவைப்பட்டால் ஊசியால் சதையும் எடுக்கலாம். ஆனால் மயக்க மருந்து வேண்டும், அன்று கார் ஓட்டக்கூடாது, செய்பவரின் கைப்பழக்கமும் முக்கியம். நான் ஒரே ஒரு முறைதான் செய்துகொண்டேன்; ஊசி அனுபவம் இல்லை.

எம்ஆர்ஐயோடு, பித்த, கணையக் குழாய்களைக் காட்டும் எம்ஆர்சிபி படமும் எடுத்தால் நீர்க்கட்டிகளும் கணையக் குழாயின் விரிவும் தெளிவாகத் தெரியும். கதிர்வீச்சு கிடையாது. சத்தம் காதைத் துளைக்கும், மூச்சை அடக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். பினாங்கில், ஜார்ஜ் டவுனில் காலையில் எடுத்துவிட்டு மத்தியானமே வேலைக்குப் போயிருக்கிறேன்.

நான் எம்ஆர்ஐ பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், விடாமல் தொடர முடிவதுதான். 2022இல் வெளிவந்த கேப்ஸ்5 ஆய்வில், கண்காணிப்பில் பிடிபட்ட 9 புற்றுநோய்களில் 7 முதல் கட்டத்திலேயே இருந்தன. கண்காணிப்பை இடையில் விட்ட ஒருவருக்கோ, நான்கு ஆண்டு கழித்து நோய் பரவிய நிலையில்தான் தெரிந்தது. அந்த ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை.

தொடர்வது என்றால் பழைய படத்தோடு ஒப்பிடுவதும்தான். இரண்டாம் ஆண்டு விலை குறைவென்று வேறொரு மையத்துக்குப் போனேன், பழைய டிஸ்க்கைக் கொடுக்காமல். "9 மில்லிமீட்டர் நீர்க்கட்டி" என்று அறிக்கை வந்தது. முந்தைய அறிக்கையில் 6. மூன்று வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு கதிரியக்க நிபுணர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து அளந்தார்: கட்டி வளரவே இல்லை, அளந்த கோணம்தான் வேறு. அன்றிலிருந்து ஒரே மையம், ஒரே முறை, தைப்பூசம் முடிந்த வாரம். என் மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்பீடு, இதற்குப் பணம் தராது. மாதாமாதம் ஒதுக்கி வைக்கிறேன்.

படத்தில் திடமாக ஏதாவது தெரிந்தால் அன்றே இயுஎஸ்ஸுக்குப் போவேன். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அவர்களோடு வாதாட எனக்கு நான்கு ஆண்டு அனுபவம் போதாது. இவை குடும்ப வரலாறோ மரபணுக் கோளாறோ உள்ளவர்களுக்கு மட்டுமே; மற்றவர்களுக்கு வேண்டாம் என்றே 2019இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு சொன்னது. ஆனால் நம்மைப் போன்ற குடும்பத்தில் 50க்கு மேல் திடீரெனச் சர்க்கரை வந்தால், அது இந்த நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்; "நம்ம ஆளுங்களுக்கு இது சகஜம்" என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் குடும்பக் கதையையும் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்திலிருக்கும் தங்கைக்கு வரும் ஆண்டு 48. அவளுக்கும் அதே மையத்தில் நாள் வாங்கிவிட்டேன்.