4,850 ரூபாய்க்கு ஒரு செட்டிங்: மானிட்டர் ரிப்பேருக்கு வீட்டுக்கு ஆள் கூப்பிடும் முன் இதைப் படியுங்கள்

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 4,850 ரூபாய். இதுக்குப் போய் இவ்வளவா என்று சிலர் கேட்கலாம். எனக்கு அது பையனின் வேன் கட்டணமும் ட்யூஷன் பீசும்.

மடிப்பாக்கத்தில் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங், அதாவது நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் வேலை பார்க்கிறேன். இரவு ஷிஃப்ட். லேப்டாப்போடு ஒரு 24 அங்குல மானிட்டரையும் மாட்டியிருக்கிறேன். ஒன்றில் நோயாளியின் சார்ட், இன்னொன்றில் கோடிங். ஒரு திரை போனால் அன்றைய டார்கெட் போச்சு.

போன மாதம் மானிட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. டீ போட எழுந்து போய் வந்தால் இரண்டு திரையும் இருட்டாக இருக்கும். மவுசை அசைத்தால் லேப்டாப் விழித்துக்கொள்ளும், மானிட்டர் அசையாது. கீழே இருக்கும் சின்ன வெள்ளை விளக்கு மட்டும் தூங்குகிறவன் மூச்சு மாதிரி மெதுவாக எரிந்து எரிந்து அணையும். பிளக்கைப் பிடுங்கிச் செருகினால்தான் உயிர் வரும். லேப்டாப் வருகிறது, மானிட்டர் வரவில்லை என்றால் கோளாறு மானிட்டரில்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஏசி, வாஷிங் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஆப்கள் இருக்கின்றனவே, அதில் ஒன்றில் 199 ரூபாய் பரிசோதனைக் கட்டணத்துக்குப் புக் பண்ணினேன். சொன்ன நேரத்துக்கு ஆள் வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டார். அம்மா காபி கொடுத்ததற்கு "வேணாம்மா, தண்ணி போதும்" என்றார். பத்து நிமிஷம் லேப்டாப்பில் ஏதோ தட்டினார், மானிட்டரின் முதுகைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து தலை உப்பிப் போன ஒரு கெப்பாசிட்டரை (மின்சாரத்தைத் தேக்கும் சின்ன உருளை) எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "நேத்து வேளச்சேரியில ஒரு வீட்டுல எடுத்தது மேடம். உங்க மானிட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் போர்டும் இதே நிலைமைதான். இப்படியே ஓட்டினா திரை பேனலும் போயிடும்."

நான் கவிழ்ந்த இடம் அதுதான். யார் வீட்டு மானிட்டரிலிருந்தோ எடுத்ததை அவர் காட்டுகிறார், என் மானிட்டரை இன்னும் திறக்கவே இல்லை. அது அப்போது உறைக்கவே இல்லை.

அடுத்து சொன்னார்: "ஆப்ல போட்டா ஜிஎஸ்டி 18 சதவீதம், அவங்க கமிஷன் வேற. புக்கிங்க கேன்சல் பண்ணிடுங்க, 4,850க்கு நானே பவர் போர்டு மாத்தித் தரேன். என் அக்கா மாதிரி நினைச்சுச் சொல்றேன்." அக்கா கேன்சல் பண்ணினாள். ஜிபேயில் 4,850 முழுசாகப் போட்டேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் "3 மாத வாரண்டி" என்று எழுதி, தன் போன் நம்பரையும் போட்டுக் கொடுத்தார். மானிட்டரைப் பழைய போர்வையில் சுற்றி பைக்கில் எடுத்துப் போனவர், மறுநாள் சாயங்காலம் கொண்டுவந்து மாட்டி, மறுபடி லேப்டாப்பில் ஏதோ தட்டிவிட்டுப் போனார். நன்றாக ஓடியது. நாலு நாள்.

ஐந்தாம் நாள் ராத்திரி கரண்ட் போனது. மானிட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருந்தது, லேப்டாப் பேட்டரியில் ஓடியது. மெழுகுவர்த்தி தேடிப் போய் வருவதற்குள் இரண்டு திரையும் இருட்டு. மவுசை அசைத்தேன். லேப்டாப் வந்தது. மானிட்டரில் அதே வெள்ளை விளக்கு, அதே மூச்சு.

போன் போட்டேன். முதல் நாள் "நாளைக்கு வரேன் மேடம்". மறுநாள் "தாம்பரத்துல வேலையில இருக்கேன்". மூன்றாம் நாள் "அது வேற கம்ப்ளைன்ட், போர்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, வேணும்னா 1,500 ஆகும்". நாலாம் நாள் "ராங் நம்பர்". அதே குரல்தான்! ஆப்பின் சாட்டில் போய் அழுதால், "உங்கள் புக்கிங் உங்களாலேயே ரத்து செய்யப்பட்டது, எனவே உதவ இயலவில்லை" என்று பதில் வருகிறது. இன்னொரு தடவை கேட்டால் அதே வரி. மனுஷர்தான் பேசுகிறாரா என்று கேட்டேன், அதற்கும் அதே வரி. 4,850 ரூபாய் போயிருக்கிறது என்று எழுதினேன், உரையாடலை முடித்துவிட்டு மதிப்பெண் போடச் சொன்னது.

கடைசியில் என் சித்தி பையனைக் கூப்பிட்டேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறான். "அக்கா, முதல்ல மானிட்டர்ல இருந்து லேப்டாப் கேபிளை உருவுங்க. பிளக்கை எடுத்து மறுபடி போடுங்க. என்ன வருது?" கறுப்புத் திரையில் கேபிள் இணைக்கப்படவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி அங்குமிங்கும் மிதந்தது. "பெட்டி வருதுல்ல? அப்ப பவர் போர்டும் பேனலும் நல்லாத்தான் இருக்கு."

அடுத்து லேப்டாப்பில் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி திறக்கச் சொன்னான். திரையை எத்தனை நிமிஷத்தில் அணைப்பது என்று அங்கே இரண்டு வரி இருக்கும். சார்ஜர் மாட்டியிருக்கும்போது ஒன்று, பேட்டரியில் இருக்கும்போது ஒன்று. சார்ஜர் வரியில் 'நெவர்' என்று இருந்தது. பேட்டரி வரியில் 5 நிமிஷம். நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. அந்த 'நெவர்' யார் போட்டது என்று நினைக்கிறீர்கள்? அதுதான் என் 4,850 ரூபாய் ரிப்பேர். திரை அணையாத வரைக்கும் கோளாறு தெரியாது. கரண்ட் போகாமல் இருந்திருந்தால் இன்னும் சில மாதம் அவரைப் புகழ்ந்துகொண்டு இருந்திருப்பேன்.

நிஜக் கோளாறு மானிட்டரின் சொந்த மெனுவில் இருந்தது. சிக்னல் நின்றால் மானிட்டர் தானாகத் தூங்கப் போவது இயல்பு. அதற்கும் மேலே 'டீப் ஸ்லீப்' என்று ஒன்று சில மாடல்களில் இருக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் என்ற வகைக் கேபிளில் லேப்டாப்போடு மாட்டியிருந்தால் அந்தத் தூக்கத்திலிருந்து சில சமயம் எழுந்திருக்காதாம். பின்னால் இருக்கும் பட்டனை அழுத்தி அதை ஆஃப் பண்ணினேன். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஒரு பைசா செலவில்லை.

ஆத்திரம் தாங்காமல் தெரு முனையில் டிவி ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் மானிட்டரைத் தூக்கிப் போனேன். திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். பவர் போர்டு மேல் தூசி கம்பளம் மாதிரி படிந்திருந்தது. ஓரத்தில் ஒரு பல்லி முட்டை ஓடு, காய்ந்து ஒட்டிக்கொண்டு. "புது போர்டுல பல்லி எப்பம்மா முட்டை போட்டுச்சு?" என்றார். காசு வாங்கவில்லை.

இன்னொரு கொடுமை: மானிட்டருக்கு மூன்று வருஷ வாரண்டியில் ஐந்து மாதம் மீதி இருந்தது. கம்பெனி சர்வீஸில் கேட்டால், ஸ்க்ரூ மேல் இருந்த சீல் கிழிந்திருக்கிறது, வெளியே திறந்ததால் வாரண்டி செல்லாது என்கிறார்கள். மாற்றவும் இல்லை, சும்மா கிழித்தும் வைத்திருக்கிறார் மகராசன்.

ஷிஃப்டுக்கு நேரமாகிறது, சட்டென்று சொல்லிவிடுகிறேன். விளக்கு எரிகிறது, படம் வரவில்லை என்றால் ரிப்பேர்காரரைக் கூப்பிடும் முன் லேப்டாப்பிலிருந்து வரும் கேபிளை உருவிப் பாருங்கள். பெரும்பாலான மானிட்டர்கள் ஏதாவது ஒரு வாசகம் காட்டும். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கு கீயையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், சில சமயம் திரை அதிலேயே திரும்பி வரும். விளக்கே எரியவில்லை என்றால் வேறு பிளக், வேறு வயர். மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள், பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே ஷாக் இருக்கும். வாரண்டி பில்லைத் தேடுங்கள். கேன்சல் பண்ணிவிட்டு நேராகக் காசு போடச் சொன்னால் கதவைக் காட்டுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பில் கேட்கிறார்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் அந்தத் துண்டுச் சீட்டும்தான் இருக்கிறது. போட்டோ எடுக்கும்போதுதான் பார்த்தேன், 3 மாத வாரண்டி என்று எழுதிய சீட்டில் தேதியே போடவில்லை.