ஸ்ரீரங்கத்தில் அம்மா கேட்ட கேள்வியும் தில்லைநகரில் கிடைத்த பதிலும்

அண்ணன் மகள் கல்யாணத்துக்காக லண்டனிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். திருச்சி விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து பெட்டியைக் கீழே வைக்கவில்லை, அம்மா என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். "முகம் ஏண்டி இப்படி உப்பியிருக்கிறது? தைராய்டு பார்த்தாயா?" பயணக் களைப்பு என்றேன். அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் காபிக்கு முன்னால் ஒரு டம்ளர் பார்லி கஞ்சியைக் கையில் கொடுத்தார். நீர் கோத்த முகத்துக்கும் காலுக்கும் எங்கள் வீட்டில் அதுதான் முதல் மருந்து.

நான் இருவரிடமும் ஒன்றைச் சொல்லவில்லை. அப்பா இறந்த வருடம் கண்ணாடியில் என் கண்களுக்குக் கீழே இரண்டு குழிகள் தெரிந்தன. கிழக்கு லண்டனில் ஓர் அழகு நிலையத்தில் 2021இல் ஃபில்லர் ஊசி, அதாவது குழியை நிரப்பும் ஜெல் ஊசி, போட்டுக்கொண்டேன். "ஒரு வருடத்தில் தானாகக் கரைந்துவிடும்" என்றார்கள். அந்தக் கணக்கை நம்பி 2023இல் கன்னத்துக்கும் சேர்த்து மறுபடி போட்டுக்கொண்டேன். இரண்டு தடவையும் சேர்த்து 4 மில்லி, ஒரு டீஸ்பூன்கூட இல்லை. அது முகத்தையே மாற்றும் என்று யார் நினைப்பார்கள்?

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே பை கட்டியதுபோல் இருக்கும், மாலையில் சற்று வற்றும். டிசம்பரில் காய்ச்சல் வந்து படுத்தபோது பத்து நாள் கன்னம் இறங்கவே இல்லை. எடை கூடிவிட்டது என்று நினைத்து இரவுச் சாப்பாட்டைக் குறைத்தேன். எடை குறைந்தது, கன்னம் அப்படியே இருந்தது.

அம்மாவின் பிடிவாதத்தால் முதலில் போனது எங்கள் குடும்ப மருத்துவரிடம். காலையில் முகம் வீங்குவது சிறுநீரகக் கோளாறின் அடையாளமாகவும் இருக்கலாம் என்று சொல்லி, தைராய்டு, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்க்கச் சொன்னார். காலை ஏழு மணிக்கு ஆய்வகத்திலிருந்து ஒரு பையன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனான். மாலையில் முடிவு கைப்பேசிக்கு வந்துவிட்டது. மூன்றும் சரியாக இருந்தன. லண்டனில் இதற்கு எத்தனை நாள் காத்திருந்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தபோது இந்த ஊர்மேல் பெரிய நன்றி வந்தது. அன்று இரவு அம்மாவிடம் ஊசி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. "வலித்ததா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்துப் போன இடத்தில் ஏமாந்தேன். பெரிய விளம்பரப் பலகை வைத்த ஓர் அழகு மையம். கன்னத்தைக் கிள்ளிப் பார்த்த பெண் மருத்துவரா, ஆலோசகரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. "இது கொழுப்பு மேடம், கரைக்க ஊசி இருக்கிறது, ஆறு தடவைக்குச் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி" என்றார். ஏற்கெனவே முகத்தில் ஃபில்லர் இருக்கிறது என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. கொழுப்பைக் கரைக்கும் மருந்து வேறு, ஃபில்லரைக் கரைக்கும் மருந்து வேறு. முன்னதை என் கண்ணருகில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்ற எண்ணம் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. முன்பணம் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன்.

அண்ணியின் தோழி சொல்லித்தான் தில்லைநகரில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தேன். மாடியில் சின்ன கிளினிக், வாசலில் செருப்புக் குவியல், டோக்கன் எண் 23. இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். உள்ளே போனதும் அவர் முகத்தைத் தொடுவதற்கு முன்பு கேட்டது, "என்ன பொருள் போட்டார்கள்? பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் இருக்கிறதா?" என்றுதான். என்னிடம் இல்லை. லண்டன் நிலையத்துக்குச் செய்தி அனுப்பிக் கேட்டதில் ஹயலூரானிக் அமிலம் என்று மட்டும் பதில் வந்தது. பிராண்டும் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை. இங்கிலாந்தில் ஃபில்லர் போட மருத்துவராக இருக்க வேண்டும் என்ற சட்டம் இல்லை. 18 வயது நிரம்பாதவர்களுக்கு அழகுக்காகப் போடக்கூடாது என்ற தடையே 2021 அக்டோபரில்தான் வந்தது. கரைக்கும் மருந்தோ அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. போடத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் எடுக்க வழி இல்லை என்பதை நான் அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

டாக்டர் என் பழைய படங்களை ஆண்டு வாரியாகக் கைப்பேசியில் காட்டச் சொன்னார். பிறகு நிமிர்ந்து உட்காரவைத்தும் படுக்கவைத்தும் விரலால் அழுத்திப் பார்த்தார். இடது கண்ணுக்குக் கீழே ஊறவைத்த சவ்வரிசிபோல் இரண்டு உருண்டைகள் இருப்பதை என் விரலை வைத்தே காட்டினார். முகத்துக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்கலாம் என்பதே எனக்குப் புதிய செய்தி. அடுத்த தெரு ஸ்கேன் மையத்தில் மறுநாள் எடுத்தோம். திரையில் கண்ணுக்குக் கீழும் கன்ன எலும்பின் மேலும் கறுப்பாகக் குட்டை குட்டையாகத் தெரிந்ததெல்லாம் ஃபில்லர் என்றார்கள். 2021இல் போட்டது கரையவே இல்லை. அதன்மேல்தான் 2023இல் போட்டது உட்கார்ந்திருக்கிறது.

அவர் விளக்கிய விதத்தை மறக்க மாட்டேன். ஹயலூரானிக் அமிலம் நம் உடம்பிலேயே இருக்கும் பொருள்தான். இயற்கையாக இருப்பதை உடம்பு ஓரிரு நாளில் கரைத்துப் புதிதாக்கிக்கொள்ளும். ஃபில்லரில் அதையே ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அதனால் நாள்பட நிற்கிறது, நிற்கும் காலமெல்லாம் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. கண்ணுக்குக் கீழே நிணநீர் வடிவது இயல்பிலேயே மெதுவானது. அங்கே ஜெல் போய் அடைத்தால் படுத்து எழும்போது வீக்கம் கூடும். காய்ச்சல், பல்லில் சீழ், சில சமயம் தடுப்பூசி ஆகியவைகூட பழைய ஃபில்லரைக் கிளறிவிட்டு வீக்கம் தரலாம். ஆஸ்திரேலியாவில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, பத்து ஆண்டு தாண்டியும் சிலர் முகத்தில் ஃபில்லர் இருந்ததாம். "ஒரு வருடத்தில் கரையும் என்று உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லோரும் அப்படித்தான் நம்பினோம்" என்றார்.

கரைக்கும் மருந்தின் பெயர் ஹயலூரோனிடேஸ். பெயரைக் கேட்டதும் அம்மாவுக்குப் பயம். டாக்டர் அவளிடம் திரும்பி, "அம்மா, உங்களுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறதா? கண் மரத்துப்போக ஊசி போட்டார்களா? அதில் இந்த மருந்தையும் கலப்பது வழக்கம்" என்றார். மரப்பு மருந்து வேகமாகப் பரவ அது உதவுமாம். அம்மாவுக்கு அந்த அறுவை சிகிச்சை ஐந்து வருடத்துக்கு முன்பே முடிந்திருந்தது. அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கும் தைரியம் வந்தது.

தேனீயோ குளவியோ கொட்டி மூச்சுத் திணறியதுண்டா என்று இரண்டு முறை கேட்டார். அவற்றின் விஷத்திலும் இதே வகைப் பொருள் உண்டு, அந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவும் ஆபத்தாகலாம். முன்கையில் துளி மருந்து போட்டு அரை மணி நேரம் உட்காரவைத்தார். தடிப்பு வரவில்லை. பிறகு குளிர்பெட்டியிலிருந்து 1500 யூனிட் குப்பியை எடுத்து, உப்பு நீரில் கரைத்து, அதில் கொஞ்சத்தை மட்டும் மெல்லிய ஊசியால் இடம் இடமாகச் செலுத்தினார். நன்றாக எரிந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கரைக்க அவர் சம்மதிக்கவில்லை. "கல்யாண வீட்டுக்குக் கொஞ்சம் வீங்கிய முகத்தோடு போனாலும் பரவாயில்லை, குழி விழுந்து போகக்கூடாது" என்றார்.

அன்று மாலை வீக்கம் கூடியது. மூன்றாம் நாள் காலையில் கண்ணாடி முன் நின்றபோது கண்ணுக்குக் கீழே இருந்த பை பாதிக்குமேல் போயிருந்தது. ஊசி பட்ட இடத்தில் நீலம் ஒரு வாரம் இருந்தது. அண்ணன் மகள் கல்யாணத்தில் அதை மறைக்கக் கொஞ்சம் பவுடர் போட்டேன். அத்தை ஒருத்தி, "தூங்கி எழுந்த முகம் வந்துவிட்டது உனக்கு" என்றாள்.

செலவு: ஆலோசனைக்கு 700 ரூபாய், ஸ்கேனுக்கு 1,500, ஒவ்வொரு முறை கரைப்பதற்கும் 6,000. ரசீது கேட்காமலே கொடுத்தார்கள்.

ஊருக்கு வரும்போது இதைச் சரிசெய்துகொள்ள நினைப்பவர்களுக்காகச் சில விவரங்கள். முதலில், கையில் குறைந்தது மூன்று வாரம் வேண்டும். முதல் ஊசிக்கும் அடுத்ததற்கும் இடையே எனக்கு இரண்டு வாரம் விட்டார்கள். உங்கள் முகத்தில் இருப்பது ஹயலூரானிக் அமிலம்தானா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கால்சியம் கலந்த ஃபில்லரும் பாலிலாக்டிக் அமில ஃபில்லரும் இந்த மருந்துக்குக் கரையாது. சிலிகான் என்றால் அறுவை சிகிச்சை வரை போகலாம். வீக்கம் சிவந்து, சூடாக, வலியோடு இருந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சையின் வரிசையே வேறு, மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ஃபில்லர் போட்ட உடனே தோல் வெளுத்தாலோ, வலை போட்டதுபோல் நீலம் பாய்ந்தாலோ, பார்வை மங்கினாலோ ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அப்போது மூன்று வாரக் கணக்கெல்லாம் இல்லை, அந்த மணி நேரத்திலேயே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இரண்டாவது ஊசி நான் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பு நடந்தது. வலது பக்கம் முழுவதும் வடிந்துவிட்டது. இடது கன்னத்தில் இன்னும் சிறு மேடு இருக்கிறது, சிரித்தால் தெரியும். விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் மூன்றாவதும் போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். டாக்டர் மறுத்துவிட்டார். ஊசி போட்ட மறுநாள் ஏதாவது ஒவ்வாமை வந்தால், கடலுக்கு மேலே யார் உங்களைப் பார்ப்பது என்று கேட்டார். எந்த இடத்தில் எத்தனை யூனிட், எந்தத் தொகுதி எண் மருந்து, எந்த நாளில் என்று ஒரு தாளில் எழுதி, முத்திரை வைத்து, ஸ்கேன் படத்தோடு ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். சித்திரையில் அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு மறுபடி வருகிறேன். அந்தக் கவர் இப்போது என் பாஸ்போர்ட்டோடு இருக்கிறது.