ஏரியில் மூழ்கிய கலங்களைத் தேட இழுவை சோனாரும் நீரடி ரோபோவும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

படகின் பின்னால் கேபிளில் கட்டி இழுக்கும் சைடு ஸ்கேன் சோனார் (இருபக்கமும் ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியால் ஏரித்தரையைப் படமாக்கும் கருவி) ஒன்றையும், சிறிய நீரடி ரோபோ ஒன்றையும் பல பருவங்களாக நன்னீர் ஏரியில் பயன்படுத்தி வருகிறேன். விளம்பரப் படங்களில் உள்ளதுபோல் முழுக் கப்பலே திரையில் வந்து நிற்கும் என்று நம்பி வாங்குபவர்கள் விரைவில் சலித்துப்போவார்கள். பெரும்பாலான நேரம் தெரிவது சேறும் பாறையும் மூழ்கிய அடிமரங்களும்தான்.

இவற்றுக்கு நடுவே கலத்தைக் காட்டிக்கொடுப்பது நிழல். நீரில் ஊறிய பலகை பாறையைப்போல் ஒலியை வலுவாகத் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் தரையிலிருந்து எழுந்து நிற்கும் எதுவும் தனக்குப் பின்னால் ஒலி எட்டாத கருமையை விடும். சோனார் தரைக்கு 6 மீட்டர் மேலே செல்லும்போது, 15 மீட்டர் நீள நிழலின் முனை சோனாரிலிருந்து 40 மீட்டரில் முடிந்தால், பொருளின் உயரம் ஏறத்தாழ 2.25 மீட்டர். நேர்க்கோட்டு விளிம்புள்ள அத்தகைய நிழலைப் பார்த்தால் எதிர்த்திசையிலிருந்தும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

தேடுவதற்கு 455 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் ஒலி போதும். 800 கிலோஹெர்ட்ஸில் படம் நுணுக்கமாக வரும், எட்டும் தூரம் குறையும். ஆகவே, ஏற்கெனவே கண்டுபிடித்த இடத்தை ஆராய மட்டும் அதை வைத்துக்கொள்கிறேன். பக்கத்துக்கு 50 மீட்டர் வீச்சு வைத்தால் கருவி தரையிலிருந்து 5 முதல் 10 மீட்டர் உயரத்தில் செல்ல வேண்டும். கடலைவிட நன்னீர் ஒலியைக் குறைவாகவே உறிஞ்சுகிறது என்பது நமக்கு ஆதாயம். கோடையில் அந்த ஆதாயம் கெடும்: மேலே வெதுவெதுப்பும் கீழே குளிர்ச்சியுமாக நீர் அடுக்காகப் பிரிந்து, ஒலி வளைந்து, படத்தின் ஓரங்கள் நெளிகின்றன. கருவியை அந்த அடுக்குக்குக் கீழே இறக்கினால் தெளியும். அதற்கு நீண்ட கேபிள் வேண்டும். கேபிள் நீள நீள, கருவி படகின் ஜிபிஎஸ் காட்டும் இடத்திலிருந்து பின்தங்குகிறது. என் கருவியுடன் வந்த மென்பொருள் இந்தப் பின்தங்கலைக் கணக்கில் கொள்வதேயில்லை; கையால் திருத்த வேண்டியிருப்பது இவ்வளவு விலையுள்ள சாதனத்துக்குப் பெருங்குறை.

இத்தனை பாடும் வீணல்ல என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியே சான்று. 1912இல் அங்கே மூழ்கிய ரூஸ் சிம்மன்ஸ் என்ற பாய்மரக் கப்பல் 1971இல் கண்டுபிடிக்கப்பட்டபோது, அது ஏற்றிச்சென்ற கிறிஸ்துமஸ் மரங்கள் சரக்கறையில் இன்னும் இருந்தன. மரத்தைத் துளைத்துத் தின்னும் கடற்புழு நன்னீரில் வாழாது. ஆழத்துக் குளிர் மட்குவதையும் தாமதப்படுத்துகிறது. ஆனால் 1980களின் பிற்பகுதியில் வட அமெரிக்கப் பேரேரிகளில் பரவத் தொடங்கிய வரிச்சிப்பிகள் கலங்களின் மேல் அப்பிக்கொள்கின்றன. நீரை வடிகட்டித் தெளியவைப்பதும் அவைதான், பலகையின் செதுக்குகளை மறைப்பதும் அவைதான்.

ரோபோவைப் பொறுத்தவரை, கடல்நீருக்குச் சமன்செய்து அனுப்பப்பட்ட அது ஏரியில் தாழ்ந்தது. 10 கிலோ எடையுள்ள கருவிக்குக்கூட இரு நீர்களுக்கும் இடையே கால் கிலோ அளவு வேறுபாடு வரும்; எடைத் துண்டுகளைக் கழற்றிய பிறகே மிதப்பு நிலைத்தது. சற்றே கீழ்நோக்கித் தாழும்படி விட்டால் விசிறிகள் கீழ்ப்பக்கம் நீரைத் தள்ள வேண்டிவந்து சேறு கிளம்பும் என்பதால், சமன் துல்லியமாக இருக்க வேண்டும். சிதைந்த தளத்துக்குள் நான் அதை நுழைப்பதில்லை, கேபிள் சிக்கினால் மீட்க வழியில்லை.

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சோனாரை வாங்கலாம். கலங்கிய ஏரியில் ரோபோவின் விளக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் எதையும் காட்டாது. இடம் தெரியாமல் அதை இறக்குவதால் மின்கலம்தான் தீரும்.