கேம்ப்சைட்டைக் கைமாத்தி வாங்காதீங்க, எனக்கு 240 டாலர் போச்சு

நேத்து ராத்திரி பதினொன்றரைக்குத்தான் வீடு வந்தோம். டென்ட் இன்னும் கார் டிக்கியிலதான் கிடக்கு. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன்.

கலிஃபோர்னியால மவுண்ட் சான் ஹசின்டோ ஸ்டேட் பார்க். அதுல இடில்வைல்ட் கேம்ப்கிரவுண்ட், 5,400 அடி உயரத்துல, சுத்தி பைன் மரம். 6 மாசம் முன்னாடியே புக்கிங் திறந்துடும், காலை 8 மணிக்கு. கோடைக்கால சனி ஞாயிறு நமக்குக் கிடைச்சதே இல்ல. பழைய சாமான் விக்கிற ஒரு ஆப்ல, "ரெண்டு ராத்திரி, 240 டாலர்"னு ஒருத்தன் போட்டிருந்தான். அரசாங்கக் கட்டணம் இதுல பாதிகூட வராது. தெரிஞ்சேதான் போனேன்.

போன் போட்டா தமிழ்! "சார், தேனிப் பக்கமா? பேச்சுலயே தெரியுதே. பாப்பாவுக்குக் காய்ச்சல், அதான் தர்றேன். நம்ம ஊர்க்காரருக்கே போகட்டும்." அந்த 'ஊர்க்காரர்'லதான் விழுந்தேன். புக்கிங் ரசீதோட ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். "ரசீதுல பேரை ஏன் மறைச்சிருக்கான்?"னு என் மனைவி கேட்டா. பிரைவசியா இருக்கும்னு நானே அவனுக்கு வக்காலத்து வாங்கினேன். பணம் அனுப்புற ஆப்ல நண்பருக்கு அனுப்புற மாதிரி போடுங்க, இல்லேன்னா ஃபீஸ் பிடிப்பாங்கன்னான். அப்படியே போட்டேன், 240 டாலர்.

வாசல்ல ரேஞ்சரம்மா ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிசாக்கிப் பார்த்தாங்க. தேதிக்குப் பக்கத்துல 'வெள்ளி'. நாங்க நின்னது சனிக்கிழமை. போன வருஷ ரசீது, வருஷத்தை மட்டும் வெட்டியிருக்கான். நிஜ ரசீதா இருந்தாலும் அடுத்தவங்க பேர்ல உள்ளே விட மாட்டாங்களாம். எங்க சைட்டுக் கம்பத்துல வேற பேர் சீட்டு, அடுப்புல சோளம் வெந்துட்டிருக்கு. வண்டு பரவும்னு விறகை வெளியிலிருந்து கொண்டுவராம மலையிலயே வாங்கியிருந்தேன். திரும்பக் கீழே கொண்டுபோகவும் கூடாதே, அதையும் அந்தக் குடும்பத்துக்கே குடுத்துட்டு வந்தேன். 243 ரோட்டு வளைவுல சின்னவன் ரெண்டு தடவை வாந்தி.

என் நம்பரை அவன் பிளாக் பண்ணிட்டான். விளம்பரம் வந்த ஆப்ல கேட்டா, பணம் எங்க வழியா வரலையேங்கறான். பணம் அனுப்புன ஆப்ல கேட்டா, "நண்பர்னு நீங்கதானே குறிச்சீங்க"ங்கறான். பேங்க்ல திங்கக்கிழமை கூப்பிடச் சொல்லிட்டான். 240 டாலர்!

ஏமாறாம இருக்க வழியெல்லாம் விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், பொறுமை இல்ல. அரசு தளத்துல மட்டும் புக் பண்ணுங்க. கேன்சல் ஆன இடம் அங்கேயே திரும்ப வரும், அடிக்கடி பாருங்க. முன்ன பின்ன தெரியாதவனுக்கு 'நண்பர்'னு பணம் போடாதீங்க. தமிழ்ல பேசினா ரெண்டு தடவை யோசிங்க.

விளம்பரம் இப்பவும் இருக்கு. அதே மாதிரி ஸ்கிரீன்ஷாட், அடுத்த சனிக்கிழமைக்கு. விலை 260.