வெள்ளவத்தையில் ஒரு ‘டிக்’ பயிற்சி வகுப்பு: எட்டு வாரங்களுக்குப் பின்

எங்கள் அலுவலகக் கரப்பந்தாட்ட அணியில் பின்வரிசையின் இடது மூலை என்னுடையது. எதிரணியின் முன்வரிசை இடதுபுறத்திலிருந்து குறுக்காக அடிக்கப்படும் பந்துகள் அங்கேதான் வந்து விழும். கடந்த ஆண்டு வரையில் அவற்றில் பாதியைக்கூட என்னால் எடுக்க முடிந்ததில்லை. கரப்பந்தாட்டம் 1991இல் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட நாடு இலங்கை. ஆனாலும் சேர்விஸ் போடவும் வலைக்கு மேலாக ஓங்கி ஸ்பைக் அடிக்கவும் கற்றுத்தர ஆட்கள் கிடைக்கும் அளவுக்கு, அடிக்கப்பட்ட பந்தை நிலத்தில் விழாமல் எடுக்கக் கற்றுத்தர ஆட்கள் கிடைப்பதில்லை என்பதே என் அனுபவம். ஆகவே, காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், அப்படிப் பந்தை எடுக்கும் ‘டிக்’குக்கென்றே தனியாக ஒரு மாலை வகுப்பு நடக்கிறது என்று தோழி ஒருத்தி சொன்னதும் உடனே சேர்ந்துகொண்டேன். வாரத்துக்கு ஒரு வகுப்பு, எட்டு வாரம், 8,000 ரூபாய்.

முதலிரண்டு வகுப்புகளில் எங்களுக்கு டிக் எடுக்கவே இடம் தரப்படவில்லை. எல்லைக் கோட்டுக்குப் பின்னால் வரிசையாக நிற்கவைத்து, வலைக்கு மறுபுறம் ஓடிவந்து அடிப்பவரைப் பார்க்கச் சொன்னார் பயிற்றுநர். பந்து அடிப்பவரின் கையில் படுவதற்கு முன்பே, அது கோட்டோரமாக வருமா குறுக்காக வருமா என்று நாங்கள் உரக்கச் சொல்ல வேண்டும். இருபது பந்துகளில் முதல் நாள் நான் ஏழின் திசையைத்தான் சரியாகச் சொன்னேன். “நங்கி (தங்கை), பந்தை விடுங்கள், தோளைப் பாருங்கள்” என்று சிங்களமும் தமிழும் கலந்து அவர் திரும்பத் திரும்பச் சொன்னதன் பொருள் மூன்றாம் வாரத்தில்தான் எனக்கு விளங்கியது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து 8 மீற்றரைக் கடக்க 0.36 செக்கன்தான் எடுக்கிறது; அது புறப்பட்ட பிறகு எங்கே வருகிறது என்று யோசிப்பவருக்குக் கால் நகர்த்த நேரமே இல்லை. அடிப்பவருக்குப் பந்தை எழுப்பிக் கொடுக்கும் செட்டரின் பந்து வலையை ஒட்டி வருகிறதா விலகி வருகிறதா, அடிப்பவர் எந்தக் கோணத்தில் ஓடிவருகிறார், அவரது தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பவற்றை முன்கூட்டியே கவனித்து, அவர் கை பந்தில் படும் கணத்தில் அசையாமல் நிற்பவரே அதை எடுக்கிறார். ஓடிக்கொண்டிருக்கும்போது அடி விழுந்தால், அருகில் வரும் பந்தும் கையை விட்டுப் போய்விடும்.

கைகளுக்கான பாடம் அதன் பிறகே வந்தது. அதில் என்னை மிகவும் கவர்ந்தது வெண்கட்டித் தூள். பயிற்றுநர் பந்தில் அதைத் தடவி அடிப்பார்; எடுத்து முடித்ததும் நாங்கள் கைகளை நீட்டிக் காட்ட வேண்டும். என் கைகளில் வெள்ளை படிந்திருந்தது பெருவிரலின் அடியிலும் மணிக்கட்டிலும். இத்தனை ஆண்டுகளாக எலும்பின் முனையில் பந்தை வாங்கி, அது ஏன் பக்கவாட்டில் தெறிக்கிறது என்று தெரியாமலே ஆடியிருக்கிறேன். ஐந்தாம் வாரத்தில் மணிக்கட்டுக்கு மேலே, இரு முன்கைகளின் உட்புறத்திலும் சமமாக இரண்டு வெள்ளைத் தடங்கள் விழுந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லி முடியாது. வேகமான பந்துக்குக் கைகளை வீசக் கூடாது, பந்தின் வேகமே அதை மேலே தூக்கும், நாம் சற்றே தளர்ந்து அதை உள்வாங்கினால் போதும் என்பதையும், வலையை நோக்கித் திருப்பிவிடாமல் ஆடுகளத்தின் நடுவே உயர எழுப்பினால் செட்டர் ஓடிவந்து சேர நேரம் கிடைக்கும் என்பதையும் பொறுமையாகக் கற்றுத்தந்தார். முகத்துக்கு நேரே வரும் பந்தை விரல்களை விரித்து மேற்கையால் எடுப்பது, பாய்ந்து உள்ளங்கையை நிலத்தில் பதித்துப் பந்தை அதன் மேல் விழவிடுவது ஆகியவற்றுக்கு ஆறாம் வகுப்பு ஒன்றுதான் ஒதுக்கப்பட்டது, அது போதாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். தளம் பலகையன்று, சாயம் பூசிய சீமெந்து. பாய்ந்து விழும் பயிற்சிக்கு இரண்டு மெல்லிய விரிப்புகள் மட்டுமே இருந்தன. என் இடுப்பில் கன்றிய தழும்பு மூன்று வாரம் ஆறவில்லை. ஒக்டோபர் மழையில் பக்கவாட்டுத் திறப்புகளால் சாரல் உள்ளே அடித்து, ஒரு வகுப்பு பாதியில் நின்றது. அதற்கு ஈடாக வேறு நாள் தரப்படவில்லை. சில பந்துகளில் காற்று அளவுக்கு மீறி இருந்தது. விதிப்படி சதுரச் சென்ரிமீற்றருக்கு 0.30 முதல் 0.325 கிலோகிராம் அழுத்தமே இருக்க வேண்டும். கல்லைப் போன்ற பந்தைக் கொண்டு, தளர்ந்து உள்வாங்கும் பாடத்தைக் கற்பிக்க முடியாது. இருபத்திரண்டு பேருக்கு ஒரே பயிற்றுநர் என்பதும் அதிகம்தான்.

இவற்றைவிடப் பெரிய குறை வேறொன்று. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு, பயிற்றுநரே பெட்டியொன்றின் மேல் ஏறி நின்று, ஒரே இடத்திலிருந்து எங்களுக்கு அடித்தார். எட்டாம் வாரத்தில் நான் அவருடைய கையை நன்றாகப் படித்தேன். ஆனால் மறுநாள் ஆட்டத்தில் என் முன்னே வலையருகே இரண்டு தடுப்பாளர்கள் எழும்பியபோது, அவர்களுடைய கைகள் மறைக்கும் பகுதிக்கு உள்ளே நிற்பதா வெளியே நிற்பதா என்று தடுமாறினேன். பின்வரிசைத் தற்காப்பு என்பது தடுப்பாளர்கள் அடைக்காமல் விட்ட வழியைக் காப்பதே. 1998இல் அனைத்துலக விதிகளில், பின்வரிசைத் தற்காப்புக்கென்றே ஆடும் லிபரோ சேர்க்கப்பட்டதிலிருந்து அந்தப் பொறுப்பு ஒரு தனித்திறமையாகவே வளர்ந்திருக்கிறது. தடுப்பாளர் இல்லாமல் அதைக் கற்றுத்தருவது, முதலிரண்டு வாரங்களில் அவரே அவ்வளவு அழகாகப் போட்ட அடித்தளத்தைப் பாதியில் விட்டுவிடுவதாகும்.

கீழ்க்கையால் பந்தை ஓரளவு ஒழுங்காகக் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். புதிதாக ஆடத் தொடங்குபவர்கள் சிறிது காலம் பொறுப்பது நல்லது. முழங்கால் காப்புறையை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே தர மாட்டார்கள். கடைசி நாளன்று, கடைசி மூன்று வகுப்புகளிலாவது உண்மையான அடிப்பவர்களையும் தடுப்பாளர்களையும் வைத்துப் பயிற்சி தாருங்கள் சேர் என்று கேட்டேன். சனிக்கிழமைகளில் ஆடவர் அணியொன்று அதே அரங்கில் பயிற்சி செய்கிறது, அவர்களிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். அவர்கள் சம்மதித்துவிட்டால் அடுத்த தொகுதிக்கும் என் பெயரைக் கொடுப்பேன்.