நெல், பானை ஓடு, கற்கோடரி: எதற்கு எந்தக் கடிகாரம்?

அகழாய்வில் எது கிடைத்தாலும் ‘கார்பன் டேட்டிங் பண்ணியாச்சா?’ என்பதுதான் நம் முதல் கேள்வி. கல்லுக்கும் பானைக்கும்கூட அதையே கேட்கிறோம். உயிரோடு இருந்த பொருளில்தான் அது செல்லும். செடியோ விலங்கோ செத்ததும் உள்ளே இருக்கும் கார்பன்-14 குறையத் தொடங்குகிறது. 5,730 ஆண்டில் பாதியாகும். சுமார் 50,000 ஆண்டு தாண்டினால் அளக்கும்படி எதுவும் மிஞ்சாது.

அந்த எல்லைக்குள் அதை மிஞ்ச ஆளில்லை, சரியான மாதிரி கிடைத்தால். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று வந்தது. நெல் ஒரே போகத்தில் முளைத்து அறுவடையாவது. அறுத்த காலமும் தாழியில் இட்ட காலமும் அநேகமாக ஒட்டியே இருக்கும். அதே சிவகளையின் கரித்துண்டு ஒன்றுக்கு கி.மு. 3345 என்று வந்ததை வைத்துத்தான் 2025 ஜனவரியில் தமிழ்நாட்டில் இரும்பின் தொன்மை அறிவிக்கப்பட்டது. இங்கே நான் கொஞ்சம் நிதானிப்பேன். அளந்தது இரும்பை அல்ல, கூடக் கிடந்த கரியை. 200 வயது மரத்தின் வைரம் பாய்ந்த கட்டை எரிந்திருந்தால், கரி சொல்வது அந்த வைரம் வளர்ந்த காலத்தை. தீ மூட்டிய நாளை அல்ல. (200 ஆண்டைக் கழித்தாலும் அது பழசுதான், அது வேறு விஷயம்.)

இன்னொரு தொல்லையும் உண்டு. கார்பன் கணக்கை மரவளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்தும் வரைகோடு, கி.மு. 800 முதல் 400 வரை ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. அதாவது அந்த 400 ஆண்டில் எந்த ஆண்டுப் பொருளும் கிட்டத்தட்ட ஒரே கார்பன் கணக்கைத்தான் காட்டும். கீழடியின் கி.மு. 580 அந்தத் தட்டையில்தான் விழுகிறது. அதைப் பிறந்த தேதி மாதிரி பிடித்துக்கொள்ளக் கூடாது.

பானை ஓட்டுக்கு ஓ.எஸ்.எல். (ஒளி பாய்ச்சி, மணிகளில் சேர்ந்த ஆற்றலை வெளிச்சமாக அளக்கும் முறை). மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் கதிர்வீச்சைக் குவார்ட்ஸ் மணிகள் சேமித்து வைக்கின்றன. சூளை நெருப்போ வெயிலோ பட்டால் கணக்கு பூஜ்யமாகிவிடும். மண் மாதிரி எடுக்க உலோகக் குழாயைக் குழிச் சுவரில் அடித்து இறக்கி, வெளிச்சம் புகாமல் மூடி, ஆய்வகத்தின் மங்கலான சிவப்பு விளக்கில்தான் பிரிப்பார்கள். பானையையே அளப்பதால் ‘கூடக் கிடந்தது’ என்ற சந்தேகம் இல்லை. ஆனால் பிழை பொதுவாக 5 முதல் 10 சதவீதம். 4,400 வயது ஓட்டுக்கு அது 220 முதல் 440 ஆண்டு. அரச வம்சங்களை வரிசைப்படுத்த இது உதவாது.

அப்புறம் திருவள்ளூர் மாவட்டம் அதிரம்பாக்கம். அங்குள்ள கற்கோடரிகளின் முன் கார்பன் கைவிரித்துவிடும். வெளியில் கிடக்கும் குவார்ட்ஸில் விண்கதிர்கள் அலுமினியம்-26, பெரிலியம்-10 இரண்டையும் உண்டாக்குகின்றன. ஆழத்தில் புதைந்ததும் வரவு நின்றுபோகிறது. அலுமினியம் இரண்டு மடங்கு வேகத்தில் கரைகிறது. மிச்சமிருக்கும் விகிதமே புதைந்த காலம். 2011இல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் வெளியிட்ட விடை: சுமார் 15 லட்சம் ஆண்டு. பிழை மட்டும் 70,000 ஆண்டு; கார்பனின் மொத்த எட்டலைவிட அதிகம்.